காப்பித் தோட்டத்தில் ஒரு ரயில்வே கேட்

கதை கேட்டால் காப்பியை ஆறவிடும் என் அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம். செம்பாக்கத்தில் உங்கள் தெருமுனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனில் நாம் வாரப் பத்திரிகை மாற்றிக்கொள்ளும் பெஞ்சில் யார் யாரோ உட்காருகிறார்கள். நான் லெண்டிங் லைப்ரரி புத்தகத்தோடு நின்றுகொண்டே படிக்கிறேன். படித்ததைச் சொல்ல ஆளில்லாமல் வாய் நமநமவென்கிறது.

முதலில் ஒரு சரித்திர நாவல். இளவரசன் முதல் அத்தியாயத்தில் குதிரை ஏறினான். பாதிப் புத்தகம் தாண்டியும் இறங்கவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார்? ஆசிரியர் சொல்லவே இல்லை. அடுத்தது துப்பறியும் நாவல். கொலைகாரன் யார் என்று அட்டைப் படத்திலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கீழே வைக்க முடியவில்லை. அது என்ன மாயம் மச்சான்?

மூன்றாவது, பெரிய ஆட்களெல்லாம் பாராட்டிய நாவல். அதில் எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல எழுத்துதான், ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்த மாதிரியே தெரியவில்லை. "ஆளுங்க இன்னா துன்றாங்கன்னு சொல்லாத கதைய நம்பாத மாப்ளே" என்பீர்களே, அதை வைத்துத்தான் இப்போதும் எடை போடுகிறேன்.

நான்காவதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் தொடராகப் படித்தோமே, மலைமேல் காப்பித் தோட்டத்துக் கதை, அது புத்தகமாக லைப்ரரிக்கு வந்திருக்கிறது. நாம் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்ததில் ஒரு வாரம் கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? நான் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. உங்கள் தங்கை வசந்தா சமைத்துக் கொண்டுவர வீட்டுக்குக் கிளம்பிய நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டு அப்போது இரண்டு வருஷம் இருக்கும். "புக்கு கடையில தீந்துபோச்சு மாப்ளே. நான் பக்கத்து வூட்ல படிச்சிட்டேன், சொல்றேன் கேளு" என்று அந்த வாரக் கதையைச் சொன்னீர்கள்.

கதாநாயகியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். அண்ணன்காரன் புதுத் தோடும் பட்டுப் பாவாடையும் தட்டில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். எலக்ட்ரிக் ட்ரெயின் போகிறது, பின்னாலேயே ஒரு கூட்ஸ். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தால், முகூர்த்தம் தப்பிவிடும் என்று குழந்தையை வேறொருவன் மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இவன் பந்தல்காலோரம் நின்று பார்க்கிறான். குழந்தை பத்தரின் விரலைக் கடித்துவிடுகிறது. இவன் தன்னை மறந்து சிரித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் தட்டோடு திரும்பிவிடுகிறான். டீக்கடையில் ஒரு பன் வாங்குகிறான். தொண்டையில் இறங்கவில்லை.

"எங்க சுமதிகூட அவ காதுகுத்துல பத்தரக் கடிச்சா மச்சான்!" என்று படுத்தபடியே சிரித்தேன். "எல்லாக் கொழந்தையும் கடிக்கும் மாப்ளே" என்று இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

போன வாரம் அந்த அத்தியாயத்தைப் புத்தகத்தில் படித்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மழை பெய்கிறது. கதாநாயகி டாக்டருக்காகக் காத்திருக்கிறாள். காதுகுத்து இல்லை, தட்டு இல்லை, பன்னும் இல்லை. மலைமேல் காப்பித் தோட்டத்தில் எலக்ட்ரிக் ட்ரெயினும் கூட்ஸும் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்கே எனக்குத் தோன்ற வேண்டாமா? காமாலையில் கண்தானே மஞ்சளாகும், மூளையுமா? அடுத்தடுத்த வாரங்களில் அந்த அண்ணனைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று நான் ஆசிரியரைத் திட்டியபோது, நீங்களும் கூடச் சேர்ந்து திட்டினீர்களே!

சுமதி காதுகுத்துக்கு நீங்கள் வரவேயில்லை என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தோம், வசந்தா உங்களோடு பேச்சை விட்டதும் அதனால்தானே. "பொண்ணுக்கு மடி குடுக்கக்கூட மனசு வரல அதுக்கு" என்று உங்களை எடுத்துப்போன அன்றும் சொல்லித்தான் அழுதாள் வசந்தா. எந்தக் கேட்டில் மாட்டினீர்கள் மச்சான்? எந்தப் பந்தல்காலோரம் நின்றீர்கள்? நான் அங்கேதானே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன்? அந்தத் தோடு என்ன ஆயிற்று?

என்னிடம் ஏன் கதையாகச் சொன்னீர்கள் என்பது மட்டும் புரிகிற மாதிரி இருக்கிறது. படித்த கதையை நான் சாயங்காலம் வசந்தாவிடம் ஒப்பிப்பேன், அவள் கீரை ஆய்ந்தபடி கேட்பாள் என்று உங்களுக்குத் தெரியும். என் வாய் வழியாக அவள் காதுக்குப் போய்விடும் என்று நினைத்தீர்களா? போகவில்லை மச்சான். நான் வீடு திரும்புவதற்குள் அடுத்த இதழ் வந்துவிட்டது. "போன வாரத்துது எதுக்கு, இந்த வாரம் இன்னா ஆச்சு, அத்த சொல்லு" என்றாள்.

நேற்று நீங்கள் சொன்ன கதையை அவளிடம் சொன்னேன். பத்தர் விரலையும் கேட்டையும் விட்டுவிட்டு, வழியில் தாமதமாகிவிட்டது என்று மட்டும் வைத்து, அதுவும் புத்தகத்தில் வந்த கதைதான் என்பது போலச் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"பாவம்யா அந்த மனுஷன்" என்றாள். கீரையை மறுபடி கையில் எடுத்தபடி, "அவளுக்கு அப்டி இன்னா அவசரம்? கூடப் பொறந்தவன் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றாள்.

தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். சமையலறையில் நின்றுகொண்டு உங்களைத்தான் நினைத்தேன். நாலு நாவலில் சாப்பாடு வந்த ஒரே அத்தியாயம் நீங்கள் சொன்னதுதான், அதையும் உங்களால் சாப்பிட முடியவில்லையே.

நாளைச் சாயங்காலம் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் விரல், அப்புறம் கேட். "காப்பித் தோட்டத்துல ஏதுய்யா கூட்ஸு வண்டி?" என்று அவளே கேட்டுவிடுவாள், உங்கள் தங்கை என்னை மாதிரி மக்கு இல்லை. தன் வாயாலேயே சொன்ன தீர்ப்பை நினைத்து அழுவாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். பந்தல்காலோரம் நிற்கிற உங்களை உள்ளே கூட்டிவந்து மணையில் உட்கார வைத்துவிடுகிறேன் மச்சான்.

கேட் திறக்கக் காத்திருக்கும்
உங்கள் தங்கை வீட்டு மாப்பிள்ளை