கீழ் வீட்டுப் புகை

மார்ச் 3, திங்கள்

இவர் சிகரெட்டை விட்டு மூன்று வாரம் ஆகிறது. மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் இவருடைய மூச்சைச் சோதிப்பார். தேறாவிட்டால் லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்களாம். "நாற்காலியா? எனக்கா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை மறுபடி நீட்டினார். விட்டதிலிருந்து அப்படி ஒரு பசி.

மார்ச் 4, செவ்வாய்

குளியலறையில் சிகரெட் நாற்றம். இவர் அப்போதுதான் வெளியே வந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயம்.

மார்ச் 6, வியாழன்

இன்று திறந்துவிட்டேன்.

"உள்ள என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?"

"குளிக்கிறேன்."

"துண்டு இங்க காஞ்சு கெடக்கு!"

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கதவைத் தள்ளினேன். கவிழ்த்த வாளிமேல் ஏறி, சின்ன ஜன்னலில் முகத்தை வைத்து, கண்ணை மூடி நிற்கிறார் மனுஷர். கையில் ஒன்றுமில்லை. கீழ் வீட்டுக் குளியலறையிலிருந்து புகை மேலே வந்துகொண்டிருந்தது.

"சத்தியமா நான் பிடிக்கலடி. சும்மா மோந்து பாக்கறேன். அதுக்கும் தடையா?"

சிரிப்பதா, அழுவதா? அடுத்தவர் விட்ட புகை மட்டும் நுரையீரலுக்குள் போகாதா? இத்தனை நாள் பட்ட பாடு என்னாவது? வாளியை ஒளித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

கீழே மூன்றாவது மாடியில் பியானோ டீச்சர். எழுபது வயது, தனிக்கட்டை. நான் போனால் சண்டை வரும் என்று, விஷயத்தைச் சொல்ல இவரே போனார். ஒரு மணி நேரமாக ஆளைக் காணோம். வந்ததும் முதல் வேலையாகச் சட்டையை முகர்ந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"என்னைத் திட்டினாங்க."

"உங்களையா? எதுக்கு?"

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல ரெண்டு மாசமா லிஃப்ட் ஓடல, வெக்கமா இல்லியான்னு. எப்பவும் கீழ தோட்டத்து பெஞ்சுலதான் பிடிப்பாங்களாம். முட்டி வலி, படி எறங்க முடியல. அதான் பாத்ரூம்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பொறுப்பு. இன்னொருவர் லிஃப்ட்டில் கை வைப்பது இவர்கள் தொழிலில் அடுத்தவர் தட்டில் கை விடுவது மாதிரி. ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, இவர் படியேறித்தான் வீட்டுக்கு வருகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

அந்தக் கம்பெனி மெக்கானிக்குக்கு இவரே போன் போட்டார். "தம்பி, நீங்க வர்றீங்களா, இல்ல நான் கை வைக்கட்டுமா?"

மார்ச் 12, புதன்

காலையில் கதவைத் திறந்தால் அந்தத் தம்பி பையோடு நிற்கிறார். "அண்ணே, தொட்டுடலையே?" அதுதான் முதல் கேள்வி!

இவர் மொட்டை மாடி லிஃப்ட் மோட்டார் அறை வரை கூடப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, யோசனை மட்டும் சொன்னாராம். மத்தியானம் லிஃப்ட் ஓடியது. வேலையே இல்லாதவர்களும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். டீச்சர் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கீழே போனார்.

மார்ச் 17, திங்கள்

குளியலறையில் சோப்பு வாசனை மட்டும்தான். ஆனால் இவர் சாயங்காலம் தலையைச் சீவிக்கொண்டு, "தோட்டத்துல கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்றார். தெரியாதா எனக்கு? பால்கனியிலிருந்து பார்த்தேன். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீச்சர் பற்ற வைக்கவில்லை. கையை நீட்டி, கோடிப் பெஞ்சைக் காட்டினார். பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இவர் எழுந்து போனார். அதற்கப்புறம்தான் டீச்சர் தீக்குச்சியை உரசினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டீச்சர் வாழ்க!

மார்ச் 27, வியாழன்

நாளைக்குச் சோதனை.

மார்ச் 28, வெள்ளி

"திங்கக்கிழமை என்னைச் சீக்கிரம் எழுப்பிவிடு. பதினாறு மாடி, புதுக் கட்டடம்." வந்ததும் அவ்வளவுதான் சொன்னார். நான் ஏதாவது சொல்வதற்குள் டீச்சரிடம் சொல்லக் கீழே ஓடிவிட்டார்.

திரும்பி வரும்போது லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் தடதடவென்று ஏறி வந்து, வாசலில் நின்றபடியே, டீச்சர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று கை தட்டியதையும், சந்தோஷத்தில் ஒன்று பற்ற வைக்கப் போய் இவரைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டதையும், "உங்களாலே எனக்கு ஒரு சுகமும் இல்லை" என்று திட்டியதையும், டீச்சர் குரலிலேயே, நடுவில் ஓரிடத்திலும் மூச்சு வாங்காமல் முழுக்கச் சொல்லி முடித்தார்.