நன்றிப் பூசைக்கான காரணம்

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
தவக்காலம் நான்காம் ஞாயிறு

அன்புள்ள அலெக்ஸ்,

இடது காலில் இரண்டு விரல் இல்லாமல் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகள் அருணாவும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது இதுதான். போன மாதம் கோயிலில் என் பெயரில் ஒரு பூசை வைக்கச் சொல்லி, அதற்குக் கருத்தாக நன்றியறிதல் என்று மட்டும் சொல்லியனுப்பினேன். உபதேசியார் சவுரிராயனுக்கு, நன்றி என்றால் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். அவராகவே காரணம் சேர்த்து, கால் பூரண குணமடைந்ததற்காக என்று பூசைக்கு முன் மைக்கில் வாசித்துவிட்டார். மத்தியானத்துக்குள் நம் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்துப் பெண்கள் எல்லாம் வீட்டில், சர்க்கரையால் விரல் போனவளுக்குச் சவுரியம்மாள் லட்டு வாங்கி வந்திருந்தாள். கட்டைப் பார்த்ததும், "இன்னா பெரிம்மா, கால் நல்லாயிடுச்சின்னு ஓடியாந்தா கட்டு போட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்கிறீங்க, சாமியையே ஏமாத்துறீங்களா" என்றாள். குணமாகவில்லை, நன்றி வேறு விஷயத்துக்கு என்றேன். கால் போனதில் வேற இன்னா விஷயம் என்று கேட்டாள், நான் லட்டை அவர்களுக்கே பங்கு வைத்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்தப் பார்வைதான் உன்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விஷயத்தை உனக்குச் சொல்கிறேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காலையில் புண்ணைச் சுரண்டிக் கட்டுவார்கள். கத்துவது எனக்குப் பழக்கமில்லை, வாயை மூடிக்கொண்டு உள்ளே எல்லாரையும் ஏசினேன், உன் அப்பாவை முன்னால் அழைத்துக்கொண்ட ஆண்டவரையும் சேர்த்து. பக்கத்துக் கட்டிலில் சின்னபொண்ணு என்று ஒருத்தி, காணை கிராமத்தில் கரும்பு வெட்டுகிறவள், கத்தி பட்ட கால் சீழ் பிடித்து வந்திருந்தாள். என் ஜெபமாலையைப் பார்த்து, "யம்மா, உனக்கு உருட்டிக்கிறதுல எனக்கும் ரெண்டு உருட்டேன், உங்க சாமி கோச்சுக்குமா" என்றாள். என்னைவிட இளையவள் என்னை நீ என்று பேசியது எனக்குப் பிடிக்கவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கான்வென்ட்டில் நாங்கள் அடிபட்டு அழுதால், அந்த வலியை யாருக்காகவாவது ஒப்புக்கொடு, அவர்கள் நன்மைக்கென்று தாங்கிக்கொள் என்பார் மதர். பிள்ளைகளின் வாயை அடைக்கிற தந்திரம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மறுநாள் சுரண்டும்போது, இது சின்னபொண்ணுக்காக என்று மனதுக்குள் சொன்னேன். வலி குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. சிலுவையில் இருந்தவர் என்னோடு இருக்கிறார் என்பது படித்த பாடமாக இல்லாமல், கட்டில் ஓரம் ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நர்ஸ், "இன்னா பாட்டி, சிரிக்கிறீங்க" என்று கேட்ட பிறகுதான் நான் சிரித்தது எனக்கே தெரிந்தது. பூசை அதற்குத்தான்.

சின்னபொண்ணு குணமானாளா என்று கேட்பாய். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க அழுதாள், பிறகு எதிர்க் கட்டில் கிழவிக்குக் கஞ்சி ஊட்டிவிட ஆரம்பித்தாள். நான் கேட்டது கிடைக்கவில்லை என்பதும் உண்மை, அந்தக் காலைகளில் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் உண்மை.

மே மாதம் வந்து வீட்டைப் பூட்டி என்னை அழைத்துப் போவதாகச் சொல்கிறாய். வா, பார்த்துவிட்டுப் போ, பூட்டு வாங்காதே. சமைக்க வேணி வருகிறாள், ரசத்தில் புளியைக் குறைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். குளிக்க வைப்பதும் அவள்தான். விரல் போனதைவிட அதுதான் எனக்குக் கஷ்டம், பழகிக்கொண்டு வருகிறேன்.

மூன்றாவது விரலும் கறுத்திருக்கிறது, ஈஸ்டர் முடிந்ததும் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நீ கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாய் என்பது யாரும் சொல்லித் தெரியவில்லை, ஆண்டவர் பெயரை எடுத்தாலே நீ பேச்சை மாற்றுகிறாய். உன்னைப் போகச் சொல்லவில்லை. இந்த விரலை உனக்காக ஒப்புக்கொடுத்திருக்கிறேன். அதற்காக நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் உன்னால் முடியாது.

மாதா உங்கள் இருவரையும் காக்க. சர்க்கரை நம் வீட்டு நோய், இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு.

ஆசீருடன்,
அம்மா பிலோமினா