ஈரமான பிரஷ்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு நான்கு கடைவாய்ப் பற்கள் சொத்தை. "பால் பல்தானே, விழுந்துடும்னு விட்டுட்டீங்களா?" என்று பல் டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். வேலைக்கு ஓடும் அவசரத்தில் தினமும் அவள் பிரஷைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால், தேய்த்துவிட்டாள் என்று கிளம்பிவிடுவேன். கழுதை, குழாயில் நனைத்து மட்டும் வைத்திருக்கிறாள்.

"ஏண்டி இப்படி?"

"அப்பா வந்து தேச்சு விடட்டும்."

அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. இனி நானே தேய்த்து விடுகிறேன்.

இன்று காலை, நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது விட்டுப்போன பிரஷையும் சும்மா தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஈரமாக இருந்தது. பின்னாலேயே வந்து நின்றாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா. அப்பாவும் தேச்சுட்டாங்க."

திட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா