குழைந்த சோறு

மாசி, வெள்ளி. இரவு.

டெங்குக் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்த நாள் முதல் மனைவி கட்டிலை விட்டு எழும்பவில்லை. நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சும் எடுபடவில்லை. கஞ்சி மட்டுந்தான். அதுவும் பாதியில் போதும் என்பாள். அதுதான் எனக்குப் பயம்.

இன்று காலை, "உதிரிச் சோறெண்டால் ரெண்டு வாய் சாப்பிடுவன்" என்றாள். குசினிக்குள் ஓடினேன்.

அரிசிக்கு மேலே ஒரு விரல்கணு தண்ணீர் என்பது எங்கள் வீட்டு அரசியலமைப்பு. மீறவில்லை. தோப்பூர்ப் புது அரிசி. மூடியைத் திறந்தால் சோறு முழுவதும் தேசிய ஒற்றுமையோடு ஒரே கட்டியாக இருந்தது.

"என்னப்பா, குழைஞ்ச மணம் வருது!"

திரும்பினேன். சுவரைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள்.

"கணக்கு என்ர விரலுக்கு. உங்கட விரல் வாழைப்பழம். புது அரிசிக்கு அதிலயும் குறைக்கவேணும். விடுங்கோ, உங்களுக்கு ஏலாது."

கதிரையில் உட்கார்ந்து, தானே விரலை விட்டு அளந்தாள். இம்முறை சோறு, ஒன்றோடொன்று கோபித்த உறவினர்போலப் பருக்கை பருக்கையாக வந்தது. இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கட்டியை நான் மனநிறைவோடு தின்றேன்.

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். நாளை புட்டைப் பழுதாக்கிப் பார்க்கலாம்.