படுக்கையறைக் கடிகாரம் மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. அப்பா நலம். நானும் நலம் என்றே எழுதி வைக்கிறேன்; நீ கேட்டதில்லை.

நீ அனுப்பிய பேசும் கடிகாரங்கள் மூன்றும் ஓடுகின்றன. பார்வை போனவர் ஒருவருக்கு மூன்று எதற்கு என்று அப்போதே கேட்டேன். மணிக்கு மணி ஆளுக்கொரு நேரம் சொல்லும். "மூணு மருமகளுங்க, ஒருத்தி பேச்சு ஒருத்திக்கு ஆகாது" என்று அப்பா சிரிப்பார். நிஜ மருமகள், உன் அண்ணி, அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சர்க்கரை ஊசி நேரம் தவறி அப்பா மயங்கி விழுந்த பிறகுதான் சரிசெய்ய உட்கார்ந்தேன். இவற்றுக்கு முள் கிடையாது, எண் கிடையாது, பொத்தானும் குரலும்தான். கணினியைச் சரியான நேரத்தைச் சொல்ல வைத்தேன். நிமிடம் மாறும்போது அது 'பீப்' என்னும். அதே நொடியில் கடிகாரத்தின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். விரல் பிந்தினால் இரண்டு குரலும் எதிரொலி மாதிரி கேட்கும். ஒரே குரலாகும்வரை விடவில்லை. படித்த படிப்பு இதற்காவது உதவியது.

படுக்கையறைக் கடிகாரம்தான் படுமோசம். அரைமணி பின்தங்கியிருந்தது. அப்பா நம்பியதும் அதைத்தான்.

ஞாயிறு எட்டு மணிக்குப் பேசுவதாகச் சொன்னவன் நீ. பேசுவது எட்டரைக்கு. அந்தக் கடிகாரம் அப்போதுதான் எட்டு என்னும். "சின்னவன் சொன்னா சொன்னதுதான். நீயும் இருக்கியே" என்பார் என்னிடம்.

போன ஞாயிறு அது சரியாக எட்டு சொன்னது. அப்பா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தை அழுத்திக் கேட்டார். மறுபடி அழுத்தினார். எட்டரைக்கு நீ அழைத்தபோது ஏன் தாமதம் என்று உன்னிடம் கேட்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியலடா. இதை மட்டும் பழையபடி வச்சுடு" என்றார்.

ஊசிக்குச் சமையலறைக் கடிகாரம் போதும். மற்ற இரண்டும் இனி அழுத்தினால் மட்டுமே வாய் திறக்கும். படுக்கையறைக் கடிகாரத்தை, அதே கணினியைக் கொண்டு, துல்லியமாக அரைமணி பின்னுக்கு வைத்துவிட்டேன்.

அந்தக் கடிகாரத்தால் உனக்காகச் சொல்ல முடிந்த பொய் அவ்வளவுதான். எட்டரையைத் தாண்டவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்