மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு டப்பா மல்லாட்டை

கரியமாணிக்கம்
ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்வகுமாரிக்கு அப்பா தணிகைவேல் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, மாட்டுக் கொட்டகையில் சிவப்பி, அவள் போன வாரம் போட்ட கிடாரிக் கன்று எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று நானே எழுதிவிடலாம், ஆனால் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அதற்குக் கை வரவில்லை, நீயே பதில் போட்டுச் சொல். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் நமக்கு எங்கே பேச்சு? வீடியோவில் அம்மா முகம் முக்கால்வாசி, மீதியில் என் ஒரு காது, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கன்றுக்குட்டியைக் காட்டப் போய்விடுகிறாள். லில்லி டீச்சர் மகன் டேனியல் வருகிற சனிக்கிழமை அயர்லாந்து திரும்புகிறான், மூன்று கிலோ வரை கொண்டுபோகிறேன் என்றான். அந்தப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன், முதலில் இதைப் படி, பிறகு டப்பாவைத் திற.

நீ அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னது எனக்கு வந்துவிட்டது, அவளைத் திட்டாதே, அவள் வாயில் ரகசியம் தங்கின நாள் உண்டா, அடுப்பில் பால் பொங்குவதற்குள் சொல்லிவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேபில் வந்து உட்கார்ந்தால் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது, அப்படி ஒரு நாள் இரண்டு பேருடைய ரத்தம் பிடித்து வைத்த குழாயில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டப் போனாய், பக்கத்து மேஜைப் பெண் பார்த்துத் தடுத்தாள், லேப் பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார், தூங்கிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டு நீ பாத்ரூமில் போய் அழுதாய், எல்லாம் தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாயாம். அப்பாவிடம் சொல்லாதே, இருபத்தாறு வருஷம் வண்டியில் ஒரு கீறல் படாமல் ஓட்டினவர், என்னைக் கேவலமாக நினைப்பார் என்றாயாம். அதைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த இருபத்தாறு வருஷப் பெருமையில் இந்த ஆடி மாதம் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அதிசயமாக அதை மட்டும் காப்பாற்றிவிட்டாள்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, திருபுவனைக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற பஸ். விடியற்காலை நாலேமுக்காலுக்கு முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிப் போய் விடுவேன், ஒன்றேமுக்காலுக்கு இரண்டாவது ஷிப்டைக் கொண்டுபோய் இறக்குவேன், அங்கேயே மரத்தடியில் கேரியரைப் பிரித்துச் சாப்பிட்டு, இரண்டேகாலுக்கு முதல் ஷிப்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவேன். அந்தத் திரும்புகிற டிரிப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள். மூன்று மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்து எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள், கேட்டைத் தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து மொத்த வண்டியும் தூங்கிவிடும். ஆக அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளி நம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தைரியம், முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக்கொண்டு மூன்று சொம்பு குடித்தேன். கூழ் தண்ணீர்தானே, அது சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நம் ஊரில் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். அதன்மேல் ஒன்றேமுக்காலுக்குக் கேரியரில் இருந்த மூன்று அடுக்குச் சோறு. நெட்டப்பாக்கம் வருவதற்கு முன்னால் அந்த ஏரிக்கரை வளைவு இருக்கிறதே, அங்கே எனக்கு ரோடு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் இரண்டு நொடி இருக்கும். இடது பக்கச் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கின சத்தத்தில் விழித்து பிரேக்கை மிதித்தேன், ஒரு பனைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை அம்மாடி, சாப்பாட்டு டப்பாக்கள்தான் உருண்டன. எல்லோரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா, நாய் குறுக்கே வந்துவிட்டது என்று பொய் சொன்னான்.

முன்சீட்டில் அம்சவள்ளி இருந்தாள், பேக்கிங்கில் வேலை செய்கிற பெண், உன் வயதுதான், இரண்டு பிள்ளைகள். அவள் மட்டும் அன்றைக்குத் தூங்கவில்லை. எல்லோரும் இறங்கின பிறகு கடைசியாக நின்று, "நாயும் இல்ல, நரியும் இல்லண்ணா, நீ தூங்கிட்ட, நான் பாத்தேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத நீ எனக்குச் சொல்கிறாயா என்று கத்திவிட்டேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "சரிண்ணா, ஆவணி முடியற வரிக்கும் பாப்போம், அதுக்குள்ள நீ சரியாவலன்னா சுப்பராயலுகிட்ட சொல்லிடுவேன், எனக்கு ரெண்டு புள்ள கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுப்பராயலு என்றால் எங்கள் வண்டி கான்ட்ராக்டர், விஷயம் அவர் காதுக்குப் போனால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார், ஐம்பத்து நாலு வயதில் வேறு யார் எனக்கு ஸ்டியரிங் கொடுப்பார்கள்? மறுநாள் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பெண்களும் கண்ணை விரித்துக்கொண்டு என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்க் கதையை ஒருத்தியும் நம்பவில்லை என்று புரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னால் அவர்களுக்கு இருந்த அந்த முக்கால் மணி நேரத் தூக்கமும் போனதே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் உஷாராணி விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்றார். மத்தியானச் சோற்றைக் கால்வாசியாக்கு, கூடவே கீரையும் காயும் முட்டையும் வை, இடையில் பசித்தால் மாவுப் பண்டம் தொடாதே, ராத்திரி சீக்கிரம் படு என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்து நான் செய்த கூத்தைக் கேள். சோற்றை நிறுத்திவிட்டு எட்டு சப்பாத்தி சாப்பிட்டேன், சோறு இல்லையே! அன்றைக்குச் சோற்றை விட மோசமாகத் தூக்கம் வந்தது. அடுத்த நாள் சர்க்கரை போடாத பிஸ்கட் ஒரு பாக்கெட். அதற்கடுத்த நாள் பெரிய யோசனை வந்தது, பொரி! ஒரு பை நிறைய இருந்தாலும் கையில் கனமே இல்லை, காற்றுதானே என்று மடியில் வைத்துக்கொண்டு மென்றேன். அம்சவள்ளி எட்டிப் பார்த்து, "பொரி இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சி? அதுவும் அரிசிதாண்ணா" என்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வண்டியில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். நாற்பது வருஷமாக நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லை பார்.

மறுநாள் அவளே வேர்க்கடலையை, அதுதான் நம் மல்லாட்டையை, அவித்து ஒரு டப்பா கொண்டுவந்து இன்ஜின் மேல் வைத்தாள். அதற்கு மறுநாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி மிளகுத்தூள் போட்ட முட்டை, இன்னொருத்தி வெள்ளரிக்காய், ஒருத்தி தேங்காய்ச் சில்லு என்று முறை வைத்துக்கொண்டு வந்துவிட்டது. என் மேல் பாசம் என்று நினைத்துவிடாதே, அவரவர் உயிர் மேல் பாசம். உன் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊரான் வூட்டுப் பொம்பளைங்க டப்பா கட்டி அனுப்பற அளவுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தானே டப்பா கட்ட ஆரம்பித்தாள். புரட்டாசி வந்ததும் முட்டை கிடையாது, அதற்கும் அசரவில்லை, வறுத்த பூசணி விதை, கறிவேப்பிலை போட்டு வறுத்த மல்லாட்டை, உப்பு போட்ட மோர் ஒரு பாட்டில், கைப்பிடி மொச்சைச் சுண்டல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். சோறு ஒரு கரண்டிதான். முதல் பத்து நாள் வயிறு என்னைத் திட்டியது, பிறகு பழகிவிட்டது. ராத்திரி எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுகிறேன், அம்மா சீரியல் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறாள், அது அவள் செய்த பெரிய தியாகம்.

இருந்தாலும் புரட்டாசிக்கு முன்னால், ஆவணிக் கடைசியில் ஒரு நாள், எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும், மடுகரை வரும்போது கண் இமை கனத்தது. பழைய தணிகைவேலாக இருந்தால் தலையை உதறிவிட்டு ஓட்டியிருப்பான். நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, எழுந்து நின்று, எனக்குத் தூக்கம் வருகிறது, பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், முகம் கழுவி நடந்துவிட்டு வருகிறேன் என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கூடவே, ஆடியில் நாயும் வரவில்லை, நான்தான் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். வீட்டில் பிள்ளை காத்திருக்கும், யாராவது கத்துவார்கள் என்று நினைத்தேன். அம்சவள்ளி எழுந்து தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "போய்ட்டு வாண்ணா, இப்பதான் நீ டிரைவரு" என்றாள். அவள் சுப்பராயலுவிடம் போகவே இல்லை. நானே போய்ச் சொன்னேன். ஒரு மணி நேரம் திட்டினார், கடைசியில் அந்த டிரிப்புக்கு மடுகரையில் பத்து நிமிஷம் நிறுத்தம் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண்கள் மட்டும் அதற்குப் பிறகும் தூங்கவில்லை. நம்பிக்கை உடனே வந்துவிடுமா?

பார்சலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட முறுக்கும் அதிரசமும் வகைக்கு நாலு இருக்கிறது, தீபாவளிக்குச் சுட்டது, அதை ஞாயிற்றுக்கிழமை தின்னு, வேலை நாளில் தொடாதே. மீதியெல்லாம் வறுத்த மல்லாட்டை, பூசணி விதை, வெள்ளரி விதை, காயவைத்த கொப்பரைச் சில்லு. அம்மா சின்னச் சின்னப் பையாகக் கட்டியிருக்கிறாள், ஒரு நாளைக்கு ஒரு பை. முட்டையை நீ அங்கேயே அவித்துக்கொள். மத்தியானம் சோறு ஒரு கரண்டி, மூன்று மணிக்குக் கண் சொருகும் என்றால் இரண்டரைக்கே பையைப் பிரி. அப்படியும் இமை கனத்தால் கையில் இருக்கிற குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சொல்லிவிடு, மறைக்காதே. ராத்திரி பன்னிரண்டு வரை போனை நோண்டுவதையும் நிறுத்து.

வேலையை விட்டு வருகிறேன் என்றாயே, நம் வீடு எப்போதும் உனக்குத் திறந்திருக்கிறது, ஆசைப்பட்டு வந்தால் நானே மீனம்பாக்கம் வந்து அழைத்துவருவேன். பயந்துகொண்டு மட்டும் வராதே. உன்னைக் கேவலமாக நினைக்க எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கு முப்பத்தெட்டு உயிர், உனக்கு இரண்டு ஸ்டிக்கர், நீயோ அதே நாளில் ஒத்துக்கொண்டாய். போன வியாழக்கிழமை நல்ல மழை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, அதே ஏரிக்கரை வளைவு. எப்போதும் போல் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒருத்தி தலை சாய்ந்திருந்தது, அவள் தோளில் இன்னொருத்தி, அப்படியே வரிசையாக முன்னால் வரை. முன்சீட்டில் அம்சவள்ளி வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டுப் பேரும் தூக்கம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு மெதுவாக, பள்ளத்தில் இறங்காமல், ஒருத்தியையும் எழுப்பாமல் ஊர் வரை ஓட்டிவந்தேன்.

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளோடும் தெளிந்த கண்ணோடும் நன்றாக இரு. டேனியலிடம் பார்சலை வாங்கினதும் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பு, இல்லாவிட்டால் அவள் என்னைத் தூங்கவிட மாட்டாள். மறுநாள் வேலைக்குப் போனதும் அந்தப் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ஒரு பை மல்லாட்டை கொடு, மூன்று மணிக்கு என்னை ஒரு பார்வை பார்த்துக்கொள் என்று வாய்விட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே வண்டி ஓட்டும் அப்பா,
ந. தணிகைவேல்