இளகின வார்த்தை

தூத்துக்குடி,
ஏப்ரல் 24.

அன்புள்ள சுந்தரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அவரும் ஜெமியும் நல்ல சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சங்கரம்மாள் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் நீ அழுத அழுகையில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அதனால்தான் ஹாஸ்டல் லீவு நாட்களில் எழுதிக்கொண்ட மாதிரி காகிதம் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஊர் மிளகாய் வத்தல் கப்பலேறாமல் திரும்பி வந்ததில் எனக்கும் மனம் சரியில்லை. விளாத்திகுளத்து வியாபாரியை நம்பாமல், ஊரே குழுவாகச் சேர்ந்து முதல் தடவை நேராக அனுப்பிய சரக்கு. சரக்கைக் குடோனில் பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் சர்வே ஆபீஸின் வேலை. அந்த அறிக்கையில் ‘மாய்ஸ்ட்’ என்று வந்துவிட்டது. வத்தல் உள்ளுக்குள்ளேயே ஈரப்பசையோடு இருக்கிறது, களத்தில் காய்ந்தது போதாது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் வாங்குகிறவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

அத்தைமேல் குறை சொல்வதாக நினைக்காதே. அத்தனை வீட்டு வத்தலையும் ஒரே ஆளாக நின்று காயவைப்பது லேசா? இந்த வருஷம் பனியும் கூடுதல். அடுத்த பறிப்புக்கு இன்னும் ஒரு வெயில் சேர்த்துக் காயப்போடச் சொல்.

இங்கே கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டது. துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் அடித்த கறுப்புத் தண்ணீர் எங்கள் வாசல்வரை வந்தது. ஜெமி இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க். என் வேலையை நிரந்தரமாக்கப்போவதாகச் சர்வேயர் டேவிட்சன் சார் சொல்லியிருக்கிறார். அதற்கும் ஜெபித்துக்கொள்.

மனதைத் தளரவிடாதே. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புத் தோழி,
ஜெயஷீலா


தூத்துக்குடி,
மே 9.

சுந்தரிக்கு,

சுகம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை எனக்கு அது வரவில்லை.

நல்லக்கண்ணு அண்ணாச்சி லாரியில் நீ கொடுத்துவிட்ட வத்தல் பையும் கடிதமும் வந்து சேர்ந்தன. என் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கும்போது அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, இங்கிலீசு படிச்ச பிள்ள சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும், ஏங் கைதான் தப்புப் பண்ணியிருக்கு என்றாராம். அதற்குப் பிறகு அவர் களத்துப் பக்கமே போகவில்லை என்றும், சங்கரம்மா ஈரத்தோட அள்ளிக் கட்டிட்டா என்று தெருவில் பேசுகிறார்கள் என்றும், குழு அடுத்த பறிப்பைக் காயப்போடும் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் எழுதிவிட்டு, உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு எனக்கு நன்றி வேறு. அந்த நன்றிக்குத்தான் இந்த வத்தல் பை. ஏளா, நான் அதை எங்கே கொண்டு வைப்பேன்?

உங்கள் வத்தல் நன்றாகக் காய்ந்திருந்தது. சரக்கு குடோனுக்கு வந்த அன்று சாம்பிள் எடுத்தது நான்தான். ஆட்டினால் விதை சலசலவென்றது. அதை டப்பாவில் போட்டு முத்திரை வைத்தோம். அதற்குப் பிறகுதான் அந்த மழை. குடோன் கூரையில் ஒரு தகரம் காற்றில் பெயர்ந்து, தண்ணீர் நேராக உங்கள் மூடைகள்மேல் ஊற்றியது. மறுநாள் பார்க்கப்போன டேவிட்சன் சாரோடு நானும் போனேன். அண்ணாந்தால் வானம் தெரிந்தது.

சார் தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. நான் முதலில் ‘வெட்’ என்றுதான் எழுதினேன். எங்கள் ஆபீஸில் வெட் என்றால் வெளியிலிருந்து தண்ணீர் பட்டது, குடோன்காரர்தான் பொறுப்பு. அந்தக் குடோன்காரர் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. சார் அதைப் படித்துவிட்டு, இது ரொம்பக் கடுமையா தெரியுதும்மா, கொஞ்சம் இளகினாப்பல ஒரு வார்த்தை போடக் கூடாதா, நாசரேத்து இங்கிலீஷ்ல இல்லாததா என்றார். அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை. பொய் எழுது என்றும் சொல்லவில்லை.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் நாசரேத்து ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே. வீட்டில் சோற்றுக்குத் தொடுகறி இல்லாவிட்டாலும் இங்கிலீஷுக்குக் குறைவு வைக்காதவர்கள். ‘டாம்ப்’ என்று சொல்லிப் பார்த்தேன். அதிலும் மழை வாசனை இருக்கிறதே என்று சார் யோசித்தார். உடனே ‘மாய்ஸ்ட்’ என்று எடுத்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் கேக்கைப் பாராட்டச் சொல்கிற வார்த்தை. சார் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

அகராதியில் இந்த மூன்றும் அக்காள் தங்கைகள். குடோனில் அப்படி இல்லை. வெட் என்றால் குற்றம் கூரையுடையது, மாய்ஸ்ட் என்றால் காயப்போட்டவருடையது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. மெல்லிய வார்த்தையாக இருந்தால் வாங்குகிறவர்கள் சரக்கைத் தள்ளமாட்டார்கள், சுந்தரிக்கும் நல்லதுதானே என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் நினைத்தது என் வேலையைத்தான். அது நிரந்தரமாகிவிட்டது. ஆர்டர் கைப்பையிலேயே இருக்கிறது, இன்னும் ஜெமியிடம்கூடக் காட்டவில்லை.

அறிக்கையைவிட நான் உனக்கு எழுதிய கடிதம் மோசம். ‘மாய்ஸ்ட் என்று வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தேன், அது தானாக நடந்து வந்த மாதிரி. போதாததற்கு, இன்னும் ஒரு வெயில் காயப்போடச் சொல் என்று புத்தி வேறு சொன்னேன். யாருக்கு? அத்தைக்கு! கல்லூரி லீவில் உன்னோடு அத்தை வீட்டுக்கு வந்தபோது, நான் காரம் தாங்காமல் அழுததைப் பார்த்து என் இலையில் கட்டித் தயிரை ஊற்றியவருக்கு.

நேற்று குழம்புக்கு உன் வத்தலை வறுத்தேன். ஜெமி தும்மித் தீர்த்தாள், மாடி வீட்டில்கூட இருமினார்கள். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதுவும் திட்டவில்லை. அந்த அத்தைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை டேவிட்சன் சாரிடம் அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். கொடுத்த ரிப்போர்ட்டத் திருத்துனா ஆபீஸ் மானம் போயிரும், வேல கிடைச்ச நேரத்துல பேசாம இரும்மா என்றார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை, சுந்தரி.

அதனால் நீ உடனே ஒன்று செய்ய வேண்டும். முத்திரை வைத்த அந்த டப்பா இன்னும் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. மாதக் கடைசியில் பழைய சாம்பிள்களைக் கொட்டிவிடுவார்கள். அதற்குள் இரண்டு தரப்பும் பார்க்க அதைத் திறக்க வேண்டும் என்று உங்கள் குழு எழுதிக் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. அந்த மனுவை இங்கிலீஷில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்துதான் பாக்கி. கூரையைப் பார்த்ததையும் வார்த்தையை மாற்றியதையும் தனித் தாளில் எழுதி என் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதில் ‘வெட்’ என்றே இருக்கிறது. என் வேலை போகும் என்று நினைக்கிறேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ அதற்காகத் தயங்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் அங்கே வருகிறேன். அத்தை என்னை வீட்டுக்குள் விடவேண்டும் என்று கேட்கமாட்டேன். களத்தில் நின்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தையும் அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. அன்றைக்குக் கூட இருந்து கேட்டவர்களையும் கூப்பிடு. வாசிக்கும்போது உனக்கு என்மேல் இரக்கம் வரும், உன்னை எனக்குத் தெரியும். ‘பொய்’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் ‘தவறு’ என்று மாற்றி வாசிக்கத் தோன்றும். மாற்றிவிடாதே, சுந்தரி. நான் எழுதியபடியே வாசி.

அத்தையின் கையை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அந்தக் கையில் ஒரு தப்பும் இல்லை.

ஜெயஷீலா